வட்டி இறங்கியதாம், என் தவணை ஏன் இறங்கவில்லை?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதமும், வீட்டுக்கடனின் இரண்டு ஸ்டேட்மென்ட் நகல்களும் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38. தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். 2021 ஆகஸ்டில் ஒரு வங்கியில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் வாங்கியிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியுடன் இணைந்த மாறும் வட்டி, அன்றைக்கு 6.8 சதவீதம். 20 ஆண்டு, மாதத் தவணை 22,900 ரூபாய். 2023 தொடக்கத்தில் தவணை 23,900 ஆனது. “ஆயிரம் ரூபாய்தானே என்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை” என்கிறார். 2025-இல் ரிசர்வ் வங்கி பல முறை வட்டியைக் குறைத்ததாகத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். அவருடைய தவணையோ அதே 23,900-இல் நிற்கிறது. “ஏற்றும்போது உடனே ஏற்றினார்கள், இறக்கும்போது எங்களுக்கு மட்டும் இறக்கவில்லை, இது மோசடி இல்லையா?” என்பது முதல் கேள்வி.

கூடவே இருக்கும் அப்பாவுக்கு 71 வயது. கூட்டுறவு நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 16 லட்சத்தை ஒரே வங்கியில் டெபாசிட் செய்து அதன் வட்டியில் தன் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்கிறார். 7.5 சதவீத வட்டி தந்துகொண்டிருந்த டெபாசிட் அடுத்த மாதம் முதிர்கிறது. புதுப்பித்தால் 6.8 தான் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். “மகளுக்குக் குறையாத வட்டி எனக்கு மட்டும் குறைகிறது. நோட்டு அடிக்கிற இயந்திரம் அவர்கள் கையில்தானே இருக்கிறது, அடித்துக் கொடுக்க வேண்டியதுதானே?” என்று அவர் கோபப்படுகிறாராம். தெரிந்தவர் ஒருவர், தன் பைனான்சில் பணத்தைப் போட்டால் இரண்டு வட்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நீங்கள் அனுப்பிய இரண்டு ஸ்டேட்மென்ட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 2025 பிப்ரவரியைச் சேர்ந்தது, மற்றது 2026 ஜனவரியைச் சேர்ந்தது. தவணைத் தொகைக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘மீதித் தவணைகள்’ என்று ஒரு வரி இருக்கிறது. முதல் தாளில் அந்த இடத்தில் 336 என்று உள்ளது. இரண்டாவது தாளில் 232. இடையில் நீங்கள் கட்டியவை 11 தவணைகள் மட்டுமே. அப்படியானால் 325 இருந்திருக்க வேண்டும். 93 தவணைகள், அதாவது ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், கணக்கிலிருந்து விலகியிருக்கின்றன. ரிசர்வ் வங்கி குறைத்த வட்டி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. நீங்கள் அதைத் தவணைத் தொகையில் தேடினீர்கள், வங்கி அதைக் கடன் காலத்தில் கொடுத்திருக்கிறது. அந்த 93 தவணைகளின் மதிப்பு 22 லட்சம் ரூபாய்க்கும் மேல்.

ஆகவே இதை மோசடி என்று சொல்ல முடியாது. உங்கள் வருத்தத்தில் நியாயமான பகுதி வேறொன்று இருக்கிறது. 2023-இல் உங்கள் 20 ஆண்டுக் கடனை அன்றிலிருந்து 30 ஆண்டுக்கு நீட்டியபோது, அதை உங்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. உங்கள் சம்மதத்தையும் கேட்கவில்லை. ஆயிரம் ரூபாய் ஏற்றத்துக்குப் பின்னால் இருந்தது அந்த நீட்டிப்புதான்.

2022-இல் என்ன நடந்தது

நீங்கள் கடன் வாங்கிய நேரம் அசாதாரணமானது. கொரோனா முடக்கத்தில் பொருளாதாரம் படுத்துவிடாமல் இருக்க, ரிசர்வ் வங்கி 2020 மே மாதம் ரெப்போ வட்டியை 4 சதவீதத்துக்கு இறக்கியிருந்தது. அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கியிடம் மற்ற வங்கிகள் குறுகிய காலத்துக்குப் பணம் வாங்கும்போது கட்டும் வட்டிதான் ரெப்போ. உங்கள் 6.8 என்பது அந்த 4 சதவீதமும், அதற்கு மேல் வங்கி வைத்த 2.8 சதவீதமும் சேர்ந்தது. 2019 அக்டோபர் முதல், வங்கிகள் தனிநபர்களுக்குப் புதிதாகத் தரும் மாறும் வட்டிக் கடன்களை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் இணைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றியமைக்க வேண்டும் என்பது விதி. அதனால் மும்பையில் எடுக்கப்படும் முடிவு உங்கள் கணக்கில் இறங்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகாது.

2022-இல் உக்ரைன் போர், கச்சா எண்ணெய், சமையல் எண்ணெய் எல்லாம் சேர்ந்து விலைவாசியைத் தூக்கின. அந்த ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம். மே 4 அன்று வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல் ரெப்போ 4.40 ஆக்கப்பட்டது. 2023 பிப்ரவரிக்குள் 6.50. இரண்டரை சதவீதப் புள்ளி ஏற்றம், ஒன்பதே மாதத்தில். உங்கள் வட்டி 9.3 ஆனது.

அந்த வட்டியில் உங்கள் பழைய தவணை என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். பாக்கி அசல் ஏறத்தாழ 28.9 லட்சம். ஒரு மாத வட்டி மட்டுமே சுமார் 22,400 ரூபாய். நீங்கள் கட்டியது 22,900. ஐந்நூறு ரூபாய்தான் அசலில் கழிந்திருக்கும். அந்த வேகத்தில் போனால் கடன் அடைய நாற்பது ஆண்டுக்கும் மேல். அதனால்தான் வங்கி தவணையைச் சற்று உயர்த்தி, காலத்தை நீட்டியது. இன்றுவரை நீங்கள் 53 தவணைகளில் கட்டியது 12.48 லட்சம். அசலில் குறைந்தது 1.94 லட்சம். இதைப் படிக்க உங்களுக்கு வயிறு எரியும் என்பது தெரியும். ஆனாலும் இந்தக் கணக்கு தெரியாமல் அடுத்த முடிவை எடுக்கக் கூடாது.

2025-இல் போக்கு திரும்பியது. பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் ஒரேயடியாக அரை புள்ளி இறங்கி 5.50, டிசம்பரில் 5.25. மொத்தம் 1.25 புள்ளி. உங்கள் வட்டி 9.3-இலிருந்து 8.05. கழித்துப் பார்த்தால் ஒரு பைசா விடாமல் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் கையில் இருக்கும் தேர்வுகள்

வட்டி மாறும்போது தவணையை மாற்றுவதா, காலத்தை மாற்றுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதா என்பதைக் கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சுற்றறிக்கை அனுப்பியது. பழைய கடன்களுக்கும் அது பொருந்தும். இதுவரை கட்டிய அசல், வட்டி, மீதித் தவணைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காட்டும் அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. உங்களுக்கு நீட்டிப்பு நடந்தது அந்தச் சுற்றறிக்கைக்கு முன்பு. அன்றைக்குக் கேட்காததற்கு இன்று பரிகாரம் தேடுவது கடினம். இன்றைய மாற்றத்தில் தேர்வு செய்யும் உரிமை உங்களுடையது.

தவணையைக் குறைக்கச் சொல்லலாம். மீதி 325 மாதக் காலத்தை அப்படியே வைத்தால் தவணை சுமார் 21,240 ஆகும். மாதம் 2,660 ரூபாய் மிச்சம். நீங்கள் கடிதத்தில் கேட்டது இதைத்தான். நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. இந்த வழியில் கடன் முடிவது 2053 பிப்ரவரியில். உங்களுக்கு அப்போது 65 வயது, தனியார் பள்ளியில் ஓய்வூதியமும் இல்லை. இனி கட்டப்போகும் மொத்தம் 69 லட்சம். இப்போதுள்ள 23,900-ஐத் தொடர்ந்தால் 2045 மே மாதத்தில் முடியும், மொத்தம் 55.4 லட்சம். வித்தியாசம் 13 லட்சத்துக்கும் அதிகம்.

தவணையைக் கூட்டியும் கட்டலாம். மாதம் 26,400 கட்டினால் முதலில் நீங்கள் நினைத்திருந்த 2041 ஆகஸ்டிலேயே கடன் முடிந்துவிடும். குடும்ப வருமானம் உறுதியாக இருந்தால் இதையே சொல்லியிருப்பேன். ஆனால் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபிறகு உங்கள் கணவரின் நிறுவனத்தில் கூடுதல் நேர வேலை நின்றுபோனதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் மாதாமாதம் கழுத்தைப் பிடிக்கும் பொறுப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் பெயரில் இருக்கும் 5 லட்சம் டெபாசிட்டைப் பற்றி ஒரு வரியோடு முடித்துவிட்டீர்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. அதற்குக் கிடைப்பது 6.6 சதவீதம், அதற்கும் வருமான வரி உண்டு. கடனுக்குக் கட்டுவது 8.05. புதிய வரி முறையில் இருப்பதால், நீங்கள் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு வரிக் கழிவும் இல்லை. 2 லட்சத்தைக் கடனில் முன்கூட்டியே கட்டி, தவணையை 23,900-ஆகவே வைத்தால், மீதித் தவணைகள் 232-இலிருந்து 197 ஆகும். மூன்று ஆண்டுகள் குறைகின்றன. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க வங்கி அபராதம் கேட்க முடியாது. மீதி 3 லட்சத்தைத் தொட வேண்டாம். கணவரின் வேலைக்கு ஏதாவது ஆனால் ஐந்தாறு மாதம் வீடு நடக்க அது வேண்டும். டெபாசிட்டை முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டியில் சிறிது பிடித்தம் இருக்கும். எவ்வளவு என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த 2.8 சதவீதத்தையும் சும்மா விட வேண்டாம். உங்களுக்கு வங்கி வைத்த அதே கூடுதல் விகிதம் இன்றும் தொடர்கிறது. புதிதாக வருபவர்களுக்கு, கடன் மதிப்பெண் நன்றாக இருந்தால், ஏழரை சதவீதத்துக்குக் கீழேயும் தருகிறார்கள். ஒரு தவணையும் தவறாதவர் நீங்கள். உங்கள் கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள். ஒரு சிறிய கட்டணம் வாங்கிக்கொண்டு பல வங்கிகள் குறைக்கின்றன. அரை சதவீதம் குறைந்தாலே 18 தவணைகள் போய்விடும், 4 லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சம். மறுத்தால் வேறு வங்கிக்கு மாற்றலாம். அதில் எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை வங்கியிடம் ஈடாக ஒப்படைக்கும் ஆவணம்) பதிவு, வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் கட்டணம், வில்லங்கச் சான்றிதழ் என்று செலவு வரும். எல்லாவற்றையும் கூட்டி எழுதி, மிச்சத்தோடு ஒப்பிட்டபிறகே இறங்குங்கள்.

நிலையான வட்டிக்கு மாறிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வசதியைத் தருவதும் மறுப்பதும் 2025 அக்டோபரிலிருந்து வங்கியின் விருப்பம். தந்தாலும் மாறும் வட்டியைவிடக் கூடுதலாகவே இருக்கும். வட்டி உச்சத்திலிருந்து இறங்கி வந்திருக்கும் நேரத்தில் கூடுதல் விலை கொடுத்து நிம்மதி வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அசலைக் குறைப்பதே உங்களுக்கு நல்ல பாதுகாப்பு.

அப்பாவின் கேள்வி: அடித்துக் கொடுத்தால் என்ன?

உங்கள் அப்பாவின் கேள்வியை நான் மதிக்கிறேன். பணம் என்றால் நோட்டுதான் என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. நாட்டில் புழங்கும் பணத்தில் நோட்டும் நாணயமும் சிறு பகுதிதான். பெரும்பகுதி வங்கிக் கணக்குகளில் இருக்கும் எண்கள். உங்கள் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் வங்கி உங்களுக்காக யாருடைய பெட்டியிலிருந்தும் 30 லட்சத்தை எடுத்துத் தரவில்லை. உங்கள் பெயரில் கடன் என்று எழுதி, வீடு விற்றவரின் கணக்கில் டெபாசிட் என்று வரவு வைத்தது. அந்த நிமிடம் நாட்டில் 30 லட்சம் புதுப் பணம் பிறந்தது. நீங்கள் அசலைக் கட்டக் கட்ட அது மறைகிறது. இப்படி லட்சக்கணக்கானோர் கடன் வாங்கும் வேகத்தைப் பொறுத்தே நாட்டில் பணம் கூடுகிறது, குறைகிறது.

ரிசர்வ் வங்கி அந்த வேகத்தைத்தான் பார்த்துக்கொள்கிறது. கடன் மலிவாக இருந்தால் வீடு, வண்டி, தறி, தையல் இயந்திரம் என்று வாங்குவோர் கூடுவார்கள், வேலை கூடும். சந்தையில் இருக்கும் பொருளைவிடப் பணம் வேகமாகப் பெருகினால் விலை ஏறும். அப்போது வட்டியை ஏற்றிக் கடன் வேகத்தைக் குறைப்பார்கள். ரெப்போ தவிர இன்னொரு கருவியும் இருக்கிறது. வங்கிகள் தாங்கள் வாங்கிய டெபாசிட்டில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியிடம் ரொக்க இருப்பாக வைக்க வேண்டும். 2025-இல் அந்த விகிதத்தை 4-இலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தபோது, வங்கிகள் கடன் கொடுக்க ஏறத்தாழ 2.5 லட்சம் கோடி ரூபாய் விடுபட்டது.

அரசுக்கு வேண்டியபோதெல்லாம் ரிசர்வ் வங்கி பணம் உருவாக்கித் தரும் வழக்கம் நம்மிடமும் இருந்தது. அவ்வப்போது வெளியிடும் கருவூல உண்டியல் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) என்ற பெயரில் அரசு ரிசர்வ் வங்கியிடம் பணம் எடுத்துக்கொண்டே இருக்கும். 1997-இல்தான் அதை நிறுத்தினார்கள். 2003-ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புச் சட்டத்தின் காரணமாக, 2006 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி அரசின் புதுக் கடன் பத்திரங்களை அரசிடம் நேரடியாக வாங்குவதும் நின்றது. அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடல் கடந்த பக்கத்து நாட்டில் அண்மையில் பார்த்தோம். இலங்கையில் 2020-க்குப் பிறகு வரி வருமானம் சரிந்தபோது, மத்திய வங்கி அரசின் உண்டியல்களைப் பெருமளவில் தானே வாங்கிப் பணத்தைப் புழக்கத்தில் விட்டது. டாலர் கையிருப்பும் தீர்ந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தினார்கள். அதே மாதம் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியும், செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. அங்கே உங்கள் அப்பாவைப் போல டெபாசிட் வைத்திருந்த ஓய்வூதியர்கள் பாஸ்புக்கில் ஒரு ரூபாயும் குறையாமலேயே தங்கள் சேமிப்பின் பெரும்பகுதியை இழந்தார்கள். 2023-இல் இயற்றிய புதிய சட்டத்தில், மத்திய வங்கி அரசுக்கு அப்படிப் பணம் தருவதைத் தடை செய்திருக்கிறார்கள். நோட்டு அடித்தால் முதல் அடி விழுவது உங்கள் அப்பாவின் 16 லட்சத்தின் மீதுதான் என்பதை அவருக்குச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்று நீங்களும் கேட்டிருந்தீர்கள். 2010-க்குப் பிந்தைய சில ஆண்டுகள் விலைவாசி பத்து சதவீதத்தை ஒட்டி ஏறிக்கொண்டிருந்தது நினைவிருக்கும். அந்த அனுபவத்துக்குப் பின் 2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு ஒன்று அமைந்தது. மூவர் ரிசர்வ் வங்கியிலிருந்து, மூவர் மத்திய அரசு நியமிப்பவர்கள். வாக்குகள் சமமானால் ரிசர்வ் வங்கி ஆளுநரின் வாக்கு தீர்மானிக்கும். பணவீக்கத்தை 4 சதவீதத்தில், இரண்டு பக்கமும் இரண்டு புள்ளி இடைவெளியில் வைப்பது அவர்களுக்கு இடப்பட்ட இலக்கு. தொடர்ந்து மூன்று காலாண்டு தவறினால் அரசுக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும். 2022-இல் உண்மையிலேயே தவறியது, விளக்கமும் கொடுத்தார்கள். அந்த விளக்கத்தை மக்கள் பார்க்க வெளியிட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கடன் 30 ஆண்டுக்கு நீண்டதற்கான காரணத்தை அறிய உங்களுக்கு உரிமை இருக்கிறது.

டெபாசிட் வட்டி குறைந்தால் நஷ்டமா?

உங்கள் கடன் வட்டி இறங்குவதும் அப்பாவின் டெபாசிட் வட்டி இறங்குவதும் ஒரே முடிவின் இரண்டு விளைவுகள். ஒரே வீட்டில் இருவருக்கும் எதிரெதிராக விழுவதால்தான் மனக்கசப்பு வருகிறது. ஆனால் வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து லாப நஷ்டம் சொல்ல முடியாது. 2021-இல் அப்பாவுக்கு 5.9 சதவீதம் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 16 லட்சத்துக்கு ஆண்டுக்கு 94,400 ரூபாய். 2022 ஏப்ரலின் 7.8 சதவீத விலையேற்றத்தில் அதே 16 லட்சத்தின் வாங்கும் திறன் ஆண்டுக்கு 1,24,800 ரூபாய் அளவுக்குக் கரைந்தது. வட்டி வந்தும் அவர் பின்னுக்குப் போனார். 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம்தான். இப்போது கிடைக்கும் 6.8-இல் பெரும்பகுதி அவருக்கு உண்மையான வரவு. காய்கறி விலை சரிந்ததால் வந்த எண் அது, நீடிக்கும் என்று நம்ப வேண்டாம். அவருடைய செலவு காய்கறியைவிட மருந்துக்கடையில் அதிகம் என்பதையும் மறக்கவில்லை.

அவருக்கு நான் சொல்வது இது. 60 வயது தாண்டியவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் தபால் நிலையத்திலும் பல வங்கிகளிலும் இருக்கிறது. அதன் வட்டியை மத்திய அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. 2023 ஏப்ரலில் 8.2 ஆனது, ரெப்போ இறங்கிய 2025 முழுவதும் அப்படியே இருந்தது. கணக்குத் தொடங்கும் நாளில் இருக்கும் வட்டி ஐந்து ஆண்டுக்கு மாறாது. அதிகபட்சம் 30 லட்சம் வரை போடலாம். கணக்குத் தொடங்கும் வாரத்தில் வட்டியை ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். 11 லட்சத்தை அதில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 22,550 ரூபாய் வரும். மீதி 5 லட்சத்தை இரண்டு வங்கிகளில் பிரித்து, ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுக்கக்கூடிய மாதிரி டெபாசிட்டில் வைக்கலாம். இரண்டும் சேர்த்து ஆண்டுக்கு 1,24,200 ரூபாய். பழைய 7.5 சதவீதத்தில் அவருக்கு வந்ததே 1,20,000 தான். வங்கி டெபாசிட்டுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. 16 லட்சத்தையும் ஒரே இடத்தில் வைத்திருந்தது அந்த வகையிலும் சரியில்லை.

இரண்டு வட்டிக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

நூற்றுக்கு மாதம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். ரெப்போ 5.25-இல் இருக்கும்போது ஒழுங்காகத் தொழில் நடத்துபவருக்கு வங்கியில் அதில் பாதிக்கும் குறைவான வட்டியில் கடன் கிடைக்கும். உங்கள் அப்பாவுக்கு 24 கொடுக்க வேண்டுமானால், அந்தப் பைனான்ஸ்காரர் அதற்கும் மேல் யாரிடமிருந்தோ வசூலிக்க வேண்டும். அந்த யாரோ, எந்த வங்கியும் கடன் தர மறுத்தவர். வசூல் நின்ற மாதம், புதிதாகப் பணம் போட்டவரின் தொகையிலிருந்துதான் பழையவருக்கு வட்டி போகும். இப்படிப் போய்க் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் நிற்பவர்களில் ஓய்வு பெற்றவர்களே அதிகம் என்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997-இலேயே சட்டம் இருக்கிறது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019-இல் வந்தது. சட்டங்களின்படி சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பணம் கைக்கு வர ஆண்டுகள் ஆகும். 71 வயதில் அந்தக் காத்திருப்பு முடியாது. ‘தெரிந்தவர்’ என்பதால் அப்பா தயங்கினால், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அவருக்குக் கொடுத்த அனுமதியின் நகலைக் கேட்கச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் ‘சச்சேத்’ இணையதளத்திலும் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

இன்னும் இறங்கும்வரை காத்திருக்கலாமா?

கடிதத்தின் கடைசியில், அடுத்த கூட்டத்தில் வட்டி மேலும் குறையுமா, அதைப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம். குறைந்தால் ரெப்போவுடன் இணைந்த உங்கள் கடனில் அது தானாக வரும். ஏறினாலும் தானாக வரும். முன்கூட்டிக் கட்டும் 2 லட்சத்துக்கும், அந்த 2.8 சதவீதத்தைக் குறைக்கக் கேட்பதற்கும் அந்தக் கூட்டத்தோடு தொடர்பு இல்லை. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த 2 லட்சத்துக்கு 1,340 ரூபாய் வட்டி ஓடுகிறது.

இந்த வாரமே கிளை மேலாளர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கடன் எண், 2 லட்சம் பகுதித் தொகை கட்டும் விவரம், “தவணை 23,900-ஆகவே தொடரட்டும், காலத்தைக் குறைக்கவும்” என்ற வரி, கூடுதல் விகிதத்தைக் குறைக்கும் கோரிக்கை, புதிய தவணை அட்டவணை வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவும் அதில் போதும். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கட்டும்போது ‘காலத்தைக் குறைக்கவும்’ என்று எழுதிக் கொடுக்காவிட்டால், சில கிளைகளில் தவணையைக் குறைத்துவிட்டு 2053-ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். புதிய அட்டவணை வந்ததும் மீதித் தவணைகள் 197-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகக் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். முத்திரை வாங்கிய அந்த நகல் அப்போது தேவைப்படும்.